ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவது எப்படி? விளக்கத்தில் தொடங்கி சொந்த வாக்கியம் வரை: முழுமையான வழிகாட்டி

இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், ஒரு நாளைக்குப் பத்து. சொல்வளம் பெருக்க நினைக்கும் எல்லோரும் முதலில் போடுவது இந்த நோட்டுதான். நானும் போட்டேன். மூன்று மாதத்தில் நோட்டு நிரம்பியது. அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தேன். அத்தனை சொற்களில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. யாராவது எழுதியிருந்தால் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. நானாக எழுத முடியவில்லை.

பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, கிட்டத்தட்ட எல்லோரும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். சொல்லின் அர்த்தம் தெரிவது வேறு, அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் உட்காரும் என்று தெரிவது வேறு. இரண்டாவது வேண்டுமென்றால் விளக்கத்தையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சரியான வரிசையில் பயன்படுத்த வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

ஒரு விஷயம். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுத வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடி, ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் ஸ்பெல்லிங் மனதில் நிற்காது, உச்சரிப்பும் பிசகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அகராதி. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும், மொழி கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட் ஆகிய நான்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சந்தேகம் வந்தால் பாருங்கள்.

ஏன் இந்த வகை அகராதி? ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கான பெரிய அகராதிகள் ஒரு கடினமான சொல்லை இன்னொரு கடினமான சொல்லால் விளக்கும். அதைத் தேடினால் மூன்றாவது சொல் வரும். கற்பவர்களுக்கான அகராதிகள் அப்படிச் செய்வதில்லை. லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே நின்று எல்லா விளக்கத்தையும் எழுதுகிறது. அந்த 2,000 சொல் தெரிந்தவர் மீதி எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே புரிந்துகொள்ளலாம். 

இதிலேயே உங்களுக்கு ஒரு நுழைவுத் தேர்வும் இருக்கிறது. ‘ரிலக்டன்ட்’, ‘பிளாசிபிள்’, ‘அண்டர்மைன்’ என்ற மூன்று சொற்களின் விளக்கங்களை எடுத்துப் படியுங்கள். விளக்கத்துக்குள்ளேயே தெரியாத சொற்கள் இரண்டு மூன்று வந்தால், இந்த வழிகாட்டிக்கு இன்னும் நேரம் வரவில்லை. முதலில் அடிப்படைச் சொற்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல் அதற்கென்றே இருக்கிறது. அஸ்திவாரம் இல்லாமல் மேல்தளத்துச் சொற்களை அடுக்கினால் எதுவும் நிற்காது.

அகராதி தவிர, ஒரு நோட்டு, அட்டைகள் அல்லது அட்டை வேலையை ஃபோனிலேயே செய்யும் ஆங்கி போன்ற ஒரு செயலி, தினமும் முப்பது நிமிடம். தமிழ் விளக்கம் தரும் அகராதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் கடைசியில்.

2. எந்தச் சொல்லை எடுப்பது

பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், நீங்கள் படிப்பதிலிருந்து எடுங்கள். ஒரு கட்டுரையில் பார்த்த சொல்லுக்கு ஓர் இடமும் ஒரு சூழலும் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டியலில் பார்த்த சொல்லுக்கு எதுவும் இல்லை, நீங்களே உண்டாக்க வேண்டும்.

படிப்பதைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தில் நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாவிட்டால், சுற்றியுள்ள சொற்களை வைத்து அர்த்தத்தை ஊகிக்கலாம். நூறுக்கு ஐந்தைத் தாண்டினால் ஊகம் தடுமாற ஆரம்பிக்கும். பத்து என்றால் அது படிப்பதல்ல, அகராதி புரட்டுவது. அப்படிப்பட்ட எழுத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு படி எளியதை எடுங்கள்.

தெரியாத சொல் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்ற வேண்டாம். வெவ்வேறு இடங்களில் இரண்டு முறை கண்ணில் பட்ட சொல்லை மட்டும் எடுங்கள். இரண்டு முறை வந்தது மூன்றாம் முறையும் வரும். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் பி2, சி1 என்ற நிலைக்குறி (ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுவுக்கு மேலான நிலைகள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இரண்டு நிலைகளில்தான் உங்களுக்கு அதிகப் பலன் கிடைக்கும். உயர்கல்விப் புத்தகங்களும் கட்டுரைகளும் படிப்பவர்களுக்கு, மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் நல்ல சல்லடை. அதில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து பிறந்த சொற்களின் தொகுதிகள், இருக்கின்றன. படிக்கும்போது சந்தித்த சொல் அந்தப் பட்டியலிலும் இருந்தால், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும், வாரத்தில் ஐந்து நாள். புதியவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். வாரம் பதினைந்து என்றால் ஐம்பது வாரத்தில் 750. உண்மையாகவே எழுதப் பயன்படுத்தக்கூடிய 750 சொல் ஓர் ஆண்டில் கிடைப்பது சின்ன விஷயமல்ல. பத்து, இருபது என்று ஆரம்பித்தவர்களில் இரண்டாவது மாதம் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

3. அகராதியைத் திறக்கும் முன் ஊகியுங்கள்

சொல் இருக்கும் வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். கீழே, பென்சிலில், அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று உங்கள் ஊகத்தை எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் அகராதி.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். வாக்கியம் இது: ‘தி நியூ வால் வில் மிட்டிகேட் தி டேமேஜ் காஸ்டு பை ஃபிளட்ஸ்.’ வெள்ளம், சேதம், புதிய சுவர். எல்லோரும் ‘மிட்டிகேட்’ என்றால் ‘தடுக்கும்’ என்று எழுதினார்கள். நியாயமான ஊகம். அகராதியைப் பார்த்தால், ஒன்றின் தீங்கையோ கடுமையையோ குறைப்பது என்று இருந்தது. அதாவது வெள்ளம் வரும், சேதமும் இருக்கும், ஆனால் சுவர் இல்லாதபோது இருந்ததைவிடக் குறைவாக இருக்கும். தடுப்பது வேறு, மட்டுப்படுத்துவது வேறு.

அந்தச் சின்ன வித்தியாசம் அன்றைக்கு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ஊகிக்காமல் நேராக அகராதிக்குப் போயிருந்தால், ‘குறைப்பது’ என்று படித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஊகம் தவறினாலும் நஷ்டம் இல்லை. தவறிய ஊகம் மனதில் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகிறது, விளக்கம் வந்து அதை நிரப்புகிறது. அதனால் தவறான ஊகத்தை அழிக்காதீர்கள், ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அப்படியே விடுங்கள்.

4. விளக்கத்தை முழுதாக வாசியுங்கள்

பெரும்பாலோர் விளக்கத்தில் முதல் ஐந்தாறு சொல்லைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அகராதிப் பதிவில் அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னக் குறிப்புகள்தான் உங்களைத் தவறிலிருந்து காப்பாற்றுபவை. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், அது பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா? உங்கள் வாக்கியத்தில் அது எந்த வேலை செய்கிறதோ, அந்தப் பதிவைத்தான் படிக்க வேண்டும். ஒரே ஸ்பெல்லிங்கில் பெயர்ச்சொல்லும் வினையும் இருப்பது ஆங்கிலத்தில் சர்வசாதாரணம்.

இரண்டாவது, எத்தனையாவது அர்த்தம்? ஒரு சொல்லுக்கு நான்கு அர்த்தம் இருந்தால், உங்கள் வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்துவது ஒன்றுதான் இருக்கும். அதை மட்டும் எழுதுங்கள். நான்கையும் ஒரே நாளில் எழுதுவது, நான்கு புதிய சொல் படிப்பதற்குச் சமம். மீதி மூன்றும் படிக்கும்போது எதிர்ப்படும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இலக்கணக் குறிகள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ என்றோ ‘யு’ என்றோ இருக்கும். முதலாவது எண்ணக்கூடியது, இரண்டாவது எண்ண முடியாதது. ‘எவிடன்ஸ்’ என்பது ‘யு’, அதனால் அதற்கு எஸ் சேர்த்துப் பன்மை ஆக்க முடியாது. வினைக்குப் பக்கத்தில் ‘எஸ்.பி.’, ‘எஸ்.டி.எச்.’ என்று இருந்தால், முதலாவது ‘ஸம்படி’, இரண்டாவது ‘ஸம்திங்’. ‘டிப்ரைவ் எஸ்.பி. ஆஃப் எஸ்.டி.எச்.’ என்று போட்டிருந்தால், ஓர் ஆளிடமிருந்து ஒன்றைப் பறிப்பது என்று அர்த்தம்; நடுவில் வர வேண்டியது ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ அல்ல. ஒரே பார்வையில் ஒரு முழு வாக்கிய அமைப்பே கிடைத்துவிடுகிறது. புதியவர்கள் தாண்டிப் போகும் முதல் இடம் இதுதான்.

பெயரடைக்கும் இப்படிக் குறிப்பு உண்டு. ‘மியர்’, ‘அட்டர்’ போன்றவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். ‘எ மியர் சைல்டு’ சரி, ‘தி சைல்டு இஸ் மியர்’ தவறு. ‘அஃப்ரெய்டு’ நேர் எதிர், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது.

நான்காவது, சொல்லின் நிறம். ‘ஃபார்மல்’, ‘இன்ஃபார்மல்’, ‘ஓல்டு ஃபேஷன்டு’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சாய்வெழுத்தில் இருக்கும். ‘டிஸ்அப்ரூவிங்’ என்றால், சொல்பவருக்கு அது பிடிக்கவில்லை என்று பொருள். ‘சைல்டுலைக்’, ‘சைல்டிஷ்’ இரண்டுக்கும் குழந்தையைப் போன்ற என்றுதான் தமிழில் எழுதுவோம். முதலாவது குழந்தையின் கள்ளமின்மையைச் சொல்கிறது, இரண்டாவது வயதுக்குத் தகாத சிறுபிள்ளைத்தனத்தை. மாற்றிப் போட்டால் பாராட்டு வசவாகிவிடும். ‘நொட்டோரியஸ்’ என்பதை ‘பெயர்பெற்ற’ என்று மட்டும் எழுதிவைத்தவர் ஒருவர், தான் மதிக்கும் ஓர் அறிஞரை அந்தச் சொல்லால் அறிமுகப்படுத்தினார். அது கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கான சொல்.

கடைசியாக, விளக்கத்தையே துண்டு துண்டாகப் பிரியுங்கள். ‘மிட்டிகேட்’ விளக்கத்தில் இரண்டு துண்டு: ஒன்று, குறைத்தல், இன்னொன்று, குறைக்கப்படுவது தீங்கானதாகவோ கடுமையானதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது துண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் ‘ஐ வான்ட் டு மிட்டிகேட் மை வெயிட்’ என்று எழுதினார். தமிழில் எடையும் குறையும், வலியும் குறையும், சேதமும் குறையும், சத்தமும் குறையும். ஒரே ‘குறை’ போதும். ஆங்கிலத்தில் எடைக்கு ‘ரெட்யூஸ்’, வலிக்கு ‘அலீவியேட்’ அல்லது ‘ரிலீவ்’, ஆபத்துக்கும் சேதத்துக்கும் ‘மிட்டிகேட்’. தமிழ் அர்த்தத்தை முதலில் எழுத வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். நம் மொழியின் ஒரு சொல் ஆங்கிலத்தின் ஆறு சொற்களை மூடி மறைத்துவிடும், மூடியது நமக்குத் தெரியவும் தெரியாது.

5. அகராதியை மூடிவிட்டு, விளக்கத்தை நீங்களே எழுதுங்கள்

பார்த்து எழுதுவது கைக்கு வேலை, மனதுக்கு அல்ல. மூடிவிட்டு, எளிய ஆங்கிலத்தில், ஒரே வரியில் உங்கள் விளக்கத்தை எழுதுங்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போன துண்டு எது என்று உடனே தெரியும்.

எப்படி எழுதுவது என்று திணறுபவர்களுக்குக் கோபில்ட் அகராதியின் பாணியைப் பரிந்துரைக்கிறேன். அது விளக்கத்தை ஒரு முழு வாக்கியமாகவே தரும். நீங்கள் ஒன்றைச் செய்யத் தயங்கினால் நீங்கள் ‘ரிலக்டன்ட்’ என்கிற மாதிரி, ‘இஃப் யு ஆர் ரிலக்டன்ட் டு டு ஸம்திங்’ என்று ஆரம்பிக்கும். சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வரவேண்டும் என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 

தமிழ் இப்போது வரலாம். ஒற்றைச் சொல்லாக எழுதாமல் ஒரு தொடராக எழுதுங்கள். ‘ரிலக்டன்ட்’: விருப்பமில்லாத என்று எழுதினால், பிடிக்காத எல்லாவற்றுக்கும் அதைப் போடுவீர்கள். ‘ஒரு காரியத்தைச் செய்ய மனம் வராமல் தயங்குகிற’ என்று எழுதினால் அந்தத் தவறு வராது.

6. அந்தச் சொல்லோடு வேறு யார் வருகிறார்கள்

சொற்கள் தனியாக நடமாடுவதில்லை. ‘கர்சரி’ என்றால் மேலோட்டமான என்று தெரிந்தது. சரி, எதெல்லாம் ‘கர்சரி’யாக இருக்கும்? ‘கர்சரி கிளான்ஸ்’, ‘கர்சரி லுக்’, ‘கர்சரி எக்ஸாமினேஷன்’. எல்லாமே பார்ப்பது, சோதிப்பது சார்ந்தவை. காயம் மேலோட்டமானது என்று சொல்ல இது உதவாது, அதற்கு ‘சூப்பர்ஃபிஷியல்’.

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று எடுத்துக்காட்டு வாக்கியம் சேகரியுங்கள். ஒன்று நீங்கள் படித்த இடத்திலிருந்து, ஒன்று அகராதியிலிருந்து, ஒன்று வேறு இடத்திலிருந்து. மூன்றாவதற்கு ‘ஸ்கெல்’ என்ற இலவசத் தளம் வசதியானது. சொல்லைத் தட்டினால் உண்மையான எழுத்துகளிலிருந்து எடுத்த வாக்கியங்களைத் தரும், கூடவே அந்தச் சொல்லோடு அடிக்கடி சேர்ந்து வருபவற்றையும் காட்டும்.

மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, நம் சொல்லுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று வண்ணப் பேனாவால் கோடிடுங்கள். விளக்கத்தில் சொல்லப்படாத விஷயங்கள் இங்கேதான் வெளிவரும். ‘காஸ்’ என்ற வினையை எடுங்கள், ஏற்படுத்துதல் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தால் ‘டேமேஜ்’, ‘ப்ராப்ளம்ஸ்’, ‘பெயின்’, ‘டிலே’ என்று பெரும்பாலும் கெட்டவையே பின்னால் வருகின்றன. மகிழ்ச்சியை ‘காஸ்’ செய்தது என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் படிப்பவருக்கு நெருடும். 

7. சொந்த வாக்கியம்: முழு முயற்சியும் இங்கே

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் படிக்காகத்தான். நேரம் இல்லாத நாளில் மற்ற எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதை விடாதீர்கள்.

புதியவர்கள் எழுதும் சொந்த வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘ஹி இஸ் எ மெட்டிகுலஸ் மேன்.’ தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘ஹி இஸ் எ’ ஏதோ ‘மேன்’. நல்லவர், கெட்டவர், உயரமானவர், சோம்பேறி, எது வேண்டுமானாலும் அங்கே உட்காரும். அந்த வாக்கியத்துக்கு ‘மெட்டிகுலஸ்’ தேவையே இல்லை. தேவைப்படாத இடத்தில் வைத்த சொல் மனதில் தங்காது.

நான் எல்லோருக்கும் வைக்கும் சோதனை அதுதான், விரல் சோதனை. சொல்லை மறைத்தாலும், வாக்கியத்தின் மற்ற பகுதி அந்தச் சொல்லைக் கூப்பிட வேண்டும்.

அதே சொல்லுக்குத் திருத்திய வாக்கியம்: ‘ஷி இஸ் ஸோ மெட்டிகுலஸ் தட் ஷி செக்ஸ் எவ்ரி காமா த்ரீ டைம்ஸ்.’ இப்போது மறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காற்புள்ளியையும் மூன்று முறை சரிபார்க்கும் ஒருவர் எப்படிப்பட்டவர்? நுணுக்கம் பார்ப்பவர். வாக்கியமே விளக்கமாகிவிட்டது. இதை எழுதியவர் அந்தச் சொல்லை ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் காற்புள்ளியை வைத்தே நினைவுபடுத்திக்கொள்கிறார்.

ஒருவர் கேட்டார்: அங்கே ‘கேர்ஃபுல்’ போட்டாலும் பொருந்துமே? பொருந்தும். அப்போது அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: ‘கேர்ஃபுல்’ வரும், ஆனால் ‘மெட்டிகுலஸ்’ வராத இடம் எது? சாலையைக் கடக்கும்போது ‘பி கேர்ஃபுல்’ என்போம், ‘பி மெட்டிகுலஸ்’ என்று சொல்ல மாட்டோம். ஆபத்திலிருந்து விலகியிருக்கும் கவனத்தையும் ‘கேர்ஃபுல்’ சொல்கிறது; ‘மெட்டிகுலஸ்’ செய்யும் வேலையின் சின்ன விவரங்களில் வைக்கும் கவனத்தை மட்டும் சொல்கிறது. எந்த இடத்தில் வராது என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டால், அந்தச் சொல்லின் எல்லை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எழுத வரவில்லை என்பவர்களுக்கு மூன்று கட்டமாகப் பிரித்துத் தருகிறேன். முதல் வாக்கியம், அகராதியில் உள்ளதைப் பார்க்காமல் திரும்ப எழுதுவது. இரண்டாவது, அதே அமைப்பை வைத்துக்கொண்டு ஆளையும் பொருளையும் மாற்றுவது. மூன்றாவது, உங்கள் வாழ்க்கையில் உண்மையில் நடந்த ஒன்றைப் பற்றி எழுதுவது. மூன்றாவதுதான் ஒட்டிக்கொள்ளும். எதைச் செய்ய நீங்கள் ‘ரிலக்டன்ட்’ ஆக இருந்தீர்கள்? அந்தத் தயக்கம் உங்களுக்கு நினைவிருக்கிறது அல்லவா, சொல்லும் அதோடு சேர்ந்து நினைவிருக்கும்.

எழுதியதைச் சரிபார்ப்பது எப்படி? சொல்லையும் அதற்கு அடுத்து வரும் இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். நல்ல பதிப்பகங்களும் செய்தித்தாள்களும் அப்படி எழுதியிருந்தால் சரி. ஒன்றும் சிக்காவிட்டால் மறுபடி அகராதியின் அமைப்போடு ஒப்பிடுங்கள்.

8. உச்சரிப்பு, சொற்குடும்பம்

இவை சின்ன வேலைகள், ஆனால் முதல் நாளே முடித்துவிட வேண்டும். தவறாகப் பதிந்த உச்சரிப்பை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டி மூன்று முறை கேளுங்கள், சத்தமாகத் திரும்பச் சொல்லுங்கள். அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் அழுத்தம் மாறினால் அர்த்தம் கெடாது, அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் ஒரே குடும்பத்துக்குள்ளேயே அது இடம் மாறும்: ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘ஃபடாகிரஃபி’ இரண்டாவதில், ‘ஃபோட்டகிராஃபிக்’ மூன்றாவதில். யூகிளிஷ் என்ற தளத்தில், ஒரு சொல்லைப் பலர் பேசும் காணொளித் துண்டுகளைக் கேட்கலாம்.

சொற்குடும்பத்தில் பெயர்ச்சொல், வினை, பெயரடை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஆன்’, ‘அபவுட்’ போன்ற முன்சொல்லை (ப்ரிபொசிஷன்) எப்போதும் தனித்தனியாகப் பாருங்கள். நாம் அடிக்கடி செய்யும் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘எம்ஃபசைஸ் ஆன்’ என்ற பிழைகள் இங்கிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி. பெயர்ச்சொல்லுக்குப் பொருந்தும் முன்சொல்லை வினைக்கும் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம். வினைக்கு அது வேண்டியதில்லை.

வேர்ச்சொல்லும் முன்னொட்டும் படிப்பது நினைவில் வைக்க உதவும், அர்த்தம் கண்டுபிடிக்க முழுதாக நம்ப முடியாது. ‘இன்’ என்றால் எதிர்மறை என்று நம்பி, ‘இன்வேல்யுவபிள்’ என்பதை மதிப்பற்ற என்று எழுதியவர்கள் உண்டு. அது விலைமதிப்பற்ற என்பது. ‘இன்ஃபிளேமபிள்’ எளிதில் தீப்பிடிப்பது.

9. அட்டையும் இடைவெளியும்

அட்டையின் முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். விரல் சோதனையில் தேறிய உங்கள் சொந்த வாக்கியத்தை, அந்தச் சொல்லுக்குப் பதில் கோடு போட்டு எழுதுங்கள், சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். பின்பக்கம் சொல், உங்கள் விளக்கம், அமைப்பு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் அர்த்தத்திலிருந்து சொல்லுக்குப் போகிறீர்கள். எழுதும்போதும் பேசும்போதும் மனம் போகும் திசை அதுதான். சொல்லைப் பார்த்து அர்த்தம் சொல்லும் அட்டை, படிப்பதற்கு மட்டும்தான் பழக்கும்.

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பத்தைந்தாம் நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். மறக்கப்போகும் நேரத்தில் முயன்று நினைவுபடுத்துவதுதான் பதிய வைக்கிறது. நன்றாகத் தெரிந்ததைத் தினமும் புரட்டுவதில் பயன் குறைவு. தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்கு வரும். நான்கு முறை தவறிய அட்டையை மேலும் மேலும் புரட்டாதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். கோளாறு வாக்கியத்தில்தான் இருக்கும்.

10. இன்னும் சில தடுமாற்றங்கள்

ஒத்த பொருளுள்ள சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். ‘மிட்டிகேட்’, ‘அலீவியேட்’, ‘டிமினிஷ்’, ‘கர்ட்டெயில்’ என்று ஒன்றாக அடுக்குவது வசதியாகத் தோன்றும். புதிய சொற்கள் நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ போன்ற இணைகளும் அப்படியே. முதலில் ஒன்று நன்றாக நிற்கட்டும், இரண்டு மூன்று வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஒப்பிடுவது நல்ல பயிற்சிதான், ஆனால் தெரிந்ததோடுதான் ஒப்பிட முடியும்.

ஒரே பத்தியில் புதிய சொற்களையெல்லாம் திணிப்பது இன்னொன்று. ஒரு பத்திக்கு ஒன்று போதும். ‘ஸ்டார்ட்’ போதுமான இடத்தில் ‘கமென்ஸ்’ வந்தால் எழுத்து உயர்வதில்லை, விறைப்பாகிறது. படித்த சொல்லை ஏழு நாளுக்குள் ஒரு மின்னஞ்சலிலோ கட்டுரையிலோ பயன்படுத்திவிடுங்கள். இடம் பொருந்தவில்லை என்றால் நாட்குறிப்பில் எழுதுங்கள்.

வாக்கியங்களை ஒரு ஏஐ கருவியிடம் எழுதி வாங்கி அட்டையில் ஒட்டுவதை இப்போது நிறையப் பார்க்கிறேன். சரிபார்க்கக் கேட்பதில் தவறில்லை. நீங்கள் எழுதிய பிறகு கேளுங்கள்.

11. முழுமையான ஒரு பதிவு

எல்லாம் சேர்ந்தால் நோட்டில் எப்படி இருக்கும் என்று காட்ட, ‘டிட்டர்’ என்ற சொல்லுக்குக் குழுவில் ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

பார்த்த வாக்கியம்: ‘ஹெவி ஃபைன்ஸ் டிட்டர் டிரைவர்ஸ் ஃப்ரம் ஸ்பீடிங்.’ ஊகம்: தண்டிக்கிறது. (கோடு போட்டு அடித்திருக்கிறது.)

வகை: வினை. அமைப்பு: ‘டிட்டர் எஸ்.பி. ஃப்ரம்’, அதற்குப் பின் ‘இங்’ வடிவம். அழுத்தம்: இரண்டாவது அசை. அதனால் இறந்தகாலத்தில் ஆர் இரட்டிக்கும்.

என் விளக்கம்: ஒன்றைச் செய்தால் என்ன ஆகுமோ என்ற பயமோ சிரமமோ காட்டி, ஒருவரை அதைச் செய்யாமல் இருக்க வைப்பது. தடுப்பது அவருடைய மனம், கை அல்ல.

கூட வருபவை: ‘ஃபைன்’, ‘பனிஷ்மென்ட்’, ‘காஸ்ட்’, ‘ஃபியர்’. வராத இடம்: கதவைப் பூட்டி ஒருவரை வெளியே போகவிடாமல் செய்தால் அது ‘பிரிவென்ட்’, ‘டிட்டர்’ அல்ல.

குடும்பம்: ‘டிட்டரன்ட்’ பெயர்ச்சொல், ‘அன்டிட்டர்டு’ பெயரடை.

சொந்த வாக்கியம்: ‘ஒன் ஃபெயிலியர் டிட் நாட் டிட்டர் ஹெர் ஃப்ரம் டேக்கிங் தி எக்ஸாம் அகெய்ன்.’ அவர் தன் தங்கையைப் பற்றி எழுதியது. அட்டையின் முன்பக்கம் இதே வாக்கியம், ‘டிட்டர்’ இருந்த இடத்தில் மட்டும் ‘டி’ என்ற முதல் எழுத்தும் ஒரு கோடும் இருந்தன.